உன்னை டிஸ்டர்ப் பண்ண வேண்டாம் என்று

1

போன செவ்வாய்க்கிழமை என் மகனின் பள்ளிக்கூடத்தில் என்னை வரச் சொல்லியிருந்தார்கள். நான் நர்ஸாக வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். மகன் பெயர் டேவிட், எட்டு வயது. பிறந்ததே இங்கேதான், வடக்கு இங்கிலாந்தின் இந்த மில் ஊரில். நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு கரையில் நின்று பேசுவது போல இருக்கும். அதுவும் பழகிவிட்டது.

டீச்சர் இளவயதுப் பெண், நல்ல சுபாவம். உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். பிறகு மிகவும் தயங்கி, டேவிட் வகுப்பை டிஸ்டர்ப் செய்கிறான் என்றாள்.

விஷயம் இதுதான். அவன் வகுப்பில் சூசன் என்று ஒரு பெண். போன மாதம் அவள் அம்மா இறந்துபோனாள். சூசன் திரும்பிப் பள்ளிக்கூடம் வருவதற்கு முதல் நாள் டீச்சர் மற்றப் பிள்ளைகளிடம், அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது, அவளை டிஸ்டர்ப் செய்யக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறாள். பிள்ளைகளும் அப்படியே இருந்திருக்கின்றன. படம் வரைகிற நேரத்தில் என் மகன் மட்டும் சூசனிடம் போய், "உங்க அம்மா செத்துப்போனது நெஜமா? அவங்க பேரு என்ன?" என்று கேட்டுவிட்டான். அவள் சத்தம்போட்டு அழ, பக்கத்தில் இருந்த இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அழ, அன்றைக்கு வகுப்பே நடக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்டேன். இந்த நாட்டில் எந்தக் கதவையும் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கடந்துவிடலாம்.

வரும் வழியில் மகனிடம் கேட்டேன். அவன் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "யாருமே அவகிட்ட கேக்கல. அதான் கேட்டேன்."

"பெறகு?"

"அழுதா. அப்புறம் சொன்னா. அவங்க அம்மா பேரு ஜோன். நல்லா பியானோ வாசிப்பாங்களாம். மத்தியானம் பூரா சொல்லிக்கிட்டே இருந்தா."

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, டிஸ்டர்ப் என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டான். அவன் தமிழ் கேட்பதே அபூர்வம். தொந்தரவு என்றேன். சொன்னதும் போதவில்லை என்று பட்டது. இடைஞ்சல் என்றும் சொல்லலாம். தூங்குகிறவனை டிஸ்டர்ப் செய்தால் தூக்கம் கலைகிறது. தண்ணீரை டிஸ்டர்ப் செய்தால் கலங்குகிறது. குருவிக்கூட்டைக் கலைக்கிறோம், மனசு கலங்குகிறது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் மிட்டாய்க் கடையைப் பார்த்ததும் ஓடிவிட்டான்.

அவனை என்னால் கண்டிக்க முடியவில்லை. ஏன் என்று அவன் அப்பாவுக்குத் தெரியும். ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இங்கிலீஷ் சொல் அது. அப்பா பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். நாசரேத்திலிருந்து வேலைக்காக வந்து அங்கேயே தங்கியவர். சாயங்காலம் ஆபீஸ் காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் பரப்பிக்கொள்வார். எந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது, எப்போது நம் கரைக்கு வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த நேரத்தில் நாங்கள் சத்தம் போட்டால் அம்மா அடுக்களையிலிருந்து, "அப்பாவ டிஸ்டப் பண்ணாதீய" என்பாள். மூன்றாம் வகுப்புப் படித்த அம்மாவின் வாயில் நடுவே ஓர் எழுத்து விழுங்கப்பட்டிருக்கும்.

எனக்குப் பதினான்கு வயதில் அம்மா போய்விட்டாள். தம்பி ராசுவுக்கு அப்போது நாலு வயது. அன்றிலிருந்து அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது நான்தான். அம்மா சொன்ன அந்தச் சொல்லையும் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ராசு கேட்கிற பிள்ளை இல்லை. மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் அப்பாவின் ஷூ கயிறுகள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவான்.

"ஏலே, டிஸ்டர்ப் பண்ணாதல" என்பார் அப்பா, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"டிஸ்டர்ப்னா என்னப்பா?"

"நீதாம்ல."

ராசுவுக்கு அது பிடித்துப்போனது. தெருவில் யாராவது பெயர் கேட்டால், "மிஸ்டர் டிஸ்டர்ப்" என்று சொல்வான்.

அந்தச் சொல் ஆபீசிலும் உண்டு. புதுத் துறைமுகம் வருவதற்கு முன் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். காற்று மாறினால் தோணி போகாது. அப்பா அதை டிஸ்டர்ப்ட் வெதர் என்று காகிதத்தில் எழுதுவார். அதே நாளில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் கரையில் உட்கார்ந்து, "தண்ணி கலங்கிக் கெடக்கு" என்பார்கள். அன்றைக்கு இரண்டு கூட்டத்துக்கும் வேலை இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆனது. கணவருக்கு இங்கே நூல்மில்லில் வேலை. அவர் முதலில் வந்து வீடு பார்த்த பிறகு என்னை அழைத்துக்கொண்டார். பம்பாயிலிருந்து கப்பல். சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்த வருஷங்கள் அவை. ஆப்பிரிக்காவை முழுதாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். தூத்துக்குடி ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது ராசு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒன்பதாம் வகுப்பு. மீசை லேசாக அரும்பியிருந்தது.

"எப்பக்கா வருவ?"

"நீ கூப்புடு. வாரேன்" என்றேன்.

எல்லா அக்காள்மாரும் சொல்கிற சொல்தான்.

3

டேவிட் பிறந்த பிறகு மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஊருக்கு வெளியே, குன்றின் மேல், பழைய கருங்கல் கட்டடம். அங்கே ஒரு வார்டுக்குப் பெயரே டிஸ்டர்ப்ட் வார்டு. முதல் நாள் அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்கு ராசுவின் முகம் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. உள்ளே போன பிறகு சிரிப்பு வரவில்லை. காலையில் அழுத நோயாளியைப் பற்றி ரிப்போர்ட்டில் டிஸ்டர்ப்ட் என்று எழுத வேண்டும். கோபப்பட்டவளைப் பற்றியும் அதேதான். ஜன்னலருகே நின்று வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஓயாமல் சொன்னவளைப் பற்றியும் அதேதான்.

கடைசிப் பரீட்சை ஒரு பிப்ரவரியில் வந்தது. இங்கிலீஷில் எழுத வேண்டும், வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை, குளிர் வேறு. அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. அப்பாவின் கடிதங்கள் மாதா மாதம் வந்தன. இங்கே எல்லோரும் சுகம், நீ நன்றாகப் படி, புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடக்கிறது. ராசு அங்கே டாலி கிளார்க்காகச் சேர்ந்திருந்தான். இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிக்கிற வேலை. அவன் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை. அப்பா எழுதுவதற்குக் கீழே ஒரு வரி கிறுக்குவான். சில மாதங்களாக அந்த வரி இல்லை. வேலைக்குப் போகிறவன், நேரம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பாஸ் செய்தேன்.

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மரியதாஸ் வீட்டுக்கு வந்தான். ராசுவோடு ஒன்றாகப் படித்தவன். சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை. கப்பல் ஹல் துறைமுகத்தில் நிற்கிறது என்று ரயில் பிடித்து எங்களைப் பார்க்க வந்திருந்தான். கையில் ஒரு மக்ரூன் டப்பா. ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்ததில் பாதி நொறுங்கியிருந்தது. டேவிட் அந்தத் தூளை விரலால் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டான். எனக்கு ஊரே வீட்டுக்குள் வந்தது போல இருந்தது. சோறும் மீன் குழம்பும் வைத்தேன்.

மரியதாஸ் பாதிச் சாப்பாட்டில் சொன்னான்: "ராசு போனதுக்கு அப்புறம் நான் ஒங்க வீட்டுப் பக்கமே போகலக்கா. அப்பா மொகத்தப் பாக்க முடியல."

எனக்கு விளங்கவில்லை. பம்பாய்க்கு வேலைக்குப் போய்விட்டானோ என்றுதான் நினைத்தேன். "ராசு எங்க போனான்?" என்று கேட்டேன்.

அவன் கை தட்டிலேயே நின்றது. என்னைப் பார்த்தான். என் கணவரைப் பார்த்தான். அவருக்கும் எதுவும் தெரியாது.

"அக்கா, ஒங்களுக்குத் தெரியாதா?"

"சொல்லு."

"மஞ்சக்காமாலைக்கா. பிப்ரவரில." பிறகு அவனே, யாரும் கேட்காமல், மெல்லச் சொன்னான். "மொதல்ல கீழாநெல்லி குடுத்தாங்க. கண்ணு ரொம்ப மஞ்சளாயிட்டு. ஆஸ்பத்திரில சேத்து மூணு நாலு வாரம் கெடந்தான். நான் அப்ப ஊர்லதான் இருந்தேன்."

நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன். அது ஏற்கனவே அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று அவனிடம் கேட்டேனாம். எனக்கு ஞாபகம் இல்லை, கணவர் பிறகு சொன்னார்.

அன்று சாயங்காலம் அப்பாவின் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் மாதக் கடிதத்தில், ராசு உன்னை மிகவும் விசாரித்தான் என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோது நானும் அவனை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று பதில் போட்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஒரே வரி எழுதினேன். பதில் வந்தது. அவர் கையெழுத்து எப்போதும் போல நேராக, ஆபீஸ் கையெழுத்தாகவே இருந்தது. பரீட்சை நேரத்தில் உன்னை டிஸ்டர்ப் பண்ண வேண்டாம் என்று நினைத்தேன். பரீட்சை முடிந்த பிறகு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

என் தம்பி இறந்த செய்தி என் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரியாதைக்காகத்தான் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். டீ இடைவேளையில் நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும், யாராவது வானிலையைப் பற்றி ஆரம்பிப்பார்கள். அவன் பெயர் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தால்கூடப் போதும் என்று இருந்தது.

4

இரண்டு வருஷம் கழித்துத்தான் ஊருக்குப் போக முடிந்தது. விமானத்தில் போனேன். பம்பாயில் ஓர் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, வந்த காரணம் என்ன என்று கேட்டார். சொந்த ஊருக்கு வருகிறவளிடம் காரணம் கேட்கிறாரே என்று பட்டது. பிறகு, தம்பியைப் பார்க்க என்றேன். முத்திரை குத்திக் கொடுத்தார்.

அப்பா ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். ரிட்டயர் ஆகியிருந்தார். சட்டை தோளில் தொங்கியது. வழியில் புதுத் துறைமுகத்தைப் பற்றிப் பேசினார். கப்பல்கள் இப்போது நேராகக் கரைக்கே வந்து கட்டுகின்றன, சூயஸும் திறந்துவிட்டார்கள் என்றார். நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ராசுவின் கல் சின்னது. அவனுடைய முழுப் பெயர் போட்டிருந்தது. அந்தப் பெயரில் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. நான் அங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அப்பா மதில் ஓரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சில நாட்கள் நாங்கள் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினோம். ஒரு காலையில் அவர் மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அவன் என்னயக் கேட்டானாப்பா?"

அப்பா யாரென்று கேட்கவில்லை. பேப்பரை மடித்து வைத்தார்.

"கேட்டான்."

"என்ன சொன்னிய?"

"அக்கா வாரான்னு சொன்னேன்."

மீதியை அவரே சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"மொதல்ல லெட்டர் போட்டிருக்கேன்னு சொன்னேன். மறுநாளும் கேக்கான். சரி, கப்பல் ஏறிட்டான்னு சொல்லிட்டேன். அதுல இருந்து தெனமும் எங்கன வாரா, எங்கன வாராம்பான். எந்தக் கப்பல் எங்கன நிக்குன்னு எனக்கு ஆபீஸ்ல தெரியுமில்லா. அதப் பாத்துட்டுப் போயிச் சொல்லுவேன். டாக்கர் தாண்டிட்டா. கேப் டவுன்ல நிக்கா. சூயஸ் தொறந்திருந்தா அக்கா இதுக்குள்ள வந்திருப்பாளேப்பாம்பான். ஆமால, சுத்தித்தான வரணும், கொஞ்சம் பொறுத்துக்கோம்பேன்."

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"மொம்பாசா வரைக்கும் ஒன்னயக் கொண்டாந்துட்டேன்ளா, கிரேசு. அதுக்கு மேல முடியல."

நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். "என்னயக் கூப்ட்ருக்கலாம்லாப்பா" என்று மட்டும் வந்தது.

"சரியாயிரும்னு டாக்டரு சொன்னாரு. சரியாயிரும்னுதான் நானும் நெனச்சேன். கைப்பிள்ளைய வச்சிக்கிட்டுப் படிக்கா, பரீட்சை போயிருமே, அவளப் போயி டிஸ்டர்ப் பண்ணணுமான்னு..."

"டிஸ்டர்ப் பண்ணணும்ப்பா" என்றேன். "நான் ஒங்க மக. விருந்தாளி இல்ல. தலவலின்னாலும் எனக்குச் சொல்லணும். மனசு சரியில்லன்னாலும் சொல்லணும். நல்ல சேதிய மட்டும் எழுதுததுக்கு நான் யாரு?"

அப்பா எழுந்து போய்க் குளித்தார். அன்றைக்கு ஆக்கிய சோறு அப்படியே இருந்தது.

இங்கே திரும்பி வந்து வேலையில் சேர்ந்த வாரம், வார்டில் ஒரு கிழவி தன் மகனைக் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் மகன் வந்து வருஷக்கணக்காகிறது. தலைமை நர்ஸ் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை வருவான் என்றாள். அது அங்கே எல்லோரும் சொல்வதுதான். கிழவி அழுகையை நிறுத்திவிட்டு, தலைமுடியை ஒழுங்கு செய்துகொண்டாள். நான் போர்வைகளைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். அப்பா தினமும் சாயங்காலம் பீச் ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு, ஒரு துறைமுகத்தின் பெயரை மட்டும் சுமந்துகொண்டு நடந்து போயிருப்பார். வழியில் அவருக்குத் துணைக்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது இருக்கிறது. ஆனால் அதை எடுத்து யார் மேல் வீசுவது என்று தெரியவில்லை.

5

போன வருஷம் வீட்டுக்கு டெலிபோன் வாங்கினோம். நம்பரை அப்பாவுக்கு எழுதினேன். அவர் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. கடிதங்கள் வந்தன. இங்கே சுகம், மழை இல்லை, டேவிட் எப்படிப் படிக்கிறான். நான் அன்றைக்குச் சொன்னதெல்லாம் காற்றில் போய்விட்டது என்று நினைத்தேன்.

இந்தக் குறிப்பைப் பாதி எழுதி வைத்திருந்தேன். நேற்றுச் சனிக்கிழமை காலை டெலிபோன் அடித்தது. கணவர் எடுத்தார். இந்தியாவிலிருந்து என்று சொல்லி, முகம் மாறி, என்னிடம் நீட்டினார். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன். எக்ஸ்சேஞ்ச் பெண் ஒருத்தி பேசுங்கள், பேசுங்கள் என்றாள். இரைச்சல். என் குரலே எனக்குத் திரும்பி வந்தது.

"அப்பா, ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"பெறகு? யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணுமில்லளா."

அப்புறம் வெறும் இரைச்சல்தான். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை, அப்பா மூச்சு விடுவது கேட்டது.

"காலைல மார்க்கெட்டுக்குப் போனேன்" என்றார். "ஒருத்தன் முன்னால போனான். அவன மாதிரியே நட. கைய வீசுததும் அப்படியே. பின்னாலயே ரொம்ப தூரம் போயிட்டேன். திரும்பிப் பாத்தான், வேற ஆளு. வீட்ல இருக்க முடியல. தந்தி ஆபீசுக்கு வந்துட்டேன். அப்ப இருந்து இங்கனதான் உக்காந்திருக்கேன். இப்பத்தான் லைன் குடுத்தாங்க."

"நல்லதுப்பா. நீங்க கூப்ட்டது நல்லது."

"கிரேசு, அவன்ட்ட நான் பொய் சொல்லிட்டேன்ளா." அம்மா செத்தபோதுகூட அப்பா அழுது நான் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை, கேட்டேன். நானும் அழுதேன். டேவிட் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்து என் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

எக்ஸ்சேஞ்ச் பெண்ணின் குரல் நடுவே வந்தது. "மூணு நிமிஷம் முடிஞ்சிட்டு சார். நீட்டிக்கணுமா?"

சரி, வைக்கிறேன் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்பா மூக்கை உறிஞ்சினார். பழைய ஆபீஸ் குரல் கொஞ்சம் திரும்பி வந்தது.

"நீட்டுங்கம்மா. என் மகட்டப் பேசிக்கிட்டிருக்கேன்."